இரத்தக் கணக்கும் காணிக் கணக்கும்

ஐக்கிய அமெரிக்காவின் மினசோற்றா மாநிலத்தில், அதன் வடமேற்குச் சமவெளியில், மானோமென் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஏறத்தாழ 1,200 பேர் வாழும் ஊர் அது. ஏடுகளில் நகரம் என்று பெயர். நம்மவர் கண்ணுக்குச் சந்தியொன்றைச் சுற்றி எழுந்த பெரிய கிராமமாகவே தோன்றும். ஆயினும், அது ஒரு மாவட்டத்தின் தலைநகர். நம் நாட்டிலே கச்சேரி இருக்கும் ஊருக்கு என்ன அதிகாரமோ அந்த அதிகாரம் அதற்கும் உண்டு. காணி உறுதிகள் பதியப்படுவது அங்கே. வரி விதிக்கப்படுவது அங்கே. வரியிறுக்காதவனின் காணி பறிமுதலாவதும் அங்கேயே.

ஊரின் பெயர் அவ்வூர் மண்ணிலிருந்தே எடுக்கப்பட்டது. 'மனோமின்' என்பது ஓஜிப்வே மொழிச் சொல். ஏரிகளிலும் ஆற்றோரங்களிலும் தானே முளைத்து விளையும், நெல்லுக்கு உறவான ஒரு தானியத்தின் பெயர். அனிஷினாபே என்று தம்மை அழைத்துக்கொள்ளும் ஓஜிப்வே மக்களுக்கு அது உணவு மட்டுமன்று. நீரின்மேல் உணவு விளையும் நாடு வரும்வரை நடந்து செல்லுங்கள் என்று முன்னோருக்கு இடப்பட்ட கட்டளையை ஏற்றுக் கிழக்கிலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் மரபு. ஊருக்கு அருகே ஓடும் ஆற்றுக்கும் இத்தானியத்தின் பெயரே.

மக்களின் உணவுப் பெயரையே தன் பெயராகச் சூடிய இந்த ஊரில் அம்மக்களின் நிலை யாது? மானோமென் மாவட்டம் முழுவதும் 'வைற் ஏர்த்', அதாவது 'வெண்மண்' என்னும் ஓஜிப்வே ஒதுக்குநிலத்துக்குள் அடங்கியது. மினசோற்றாவின் 87 மாவட்டங்களுள் இவ்வாறு முழுமையாக ஒரு ஒதுக்குநிலத்துக்குள் அமைந்தது இது ஒன்றே. மாவட்டத்தின் 5,400 பேரளவான மக்களில் ஐந்தில் இருவருக்கு மேற்பட்டோர் பழங்குடியினர். மாநிலத்தின் மிக வறிய மாவட்டங்களுள் ஒன்றென்று இதனைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. இவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட அந்நிலத்திலோ, இன்று பழங்குடியின் கையில் எஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்களவே.

இங்கே போர் நடக்கவில்லை. எந்தப் படையும் வந்து குடிசைகளைக் கொளுத்தவில்லை. பின் எங்ஙனம் ஒன்பது பங்கு கைமாறியது? இதற்கு ஒரு விடை ஆயத்தமாக இருக்கிறது. 'அவர்கள் விற்றார்கள், நாங்கள் வாங்கினோம். உறுதி எழுதிக் கையொப்பமும் வாங்கினோம். இதில் அநீதி எங்கே?' என்பதே அவ்விடை. அமெரிக்காவில் மட்டுமன்றி, காணி பறிபோன மக்கள் வாழும் நாடெங்கும் ஒலிக்கும் விடை இது. படித்தவர்களும் இதனை நம்புகின்றனர் என்பதனாலேயே இதனைப் பரிசீலிக்க வேண்டியிருக்கிறது.

1867ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆந் திகதி செய்யப்பட்ட உடன்படிக்கையினால் வைற் ஏர்த் ஒதுக்குநிலம் உருவாயிற்று. எட்டு இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பு அது. கிழக்கே பைன் மரக் காடுகளும் ஏரிகளும். மேற்கே உழவுக்குகந்த கருமண் சமவெளி. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் முதற் குடும்பங்கள் வந்து சேர்ந்தன. அவர்கள் சோம்பியிருந்தவர்களல்லர். வசந்தத்தில் மேப்பிள் மரத்துச் சாறெடுத்துச் சர்க்கரை காய்ச்சினர், கோடையில் பயிரிட்டனர், கோடை முடியும் வேளையில் மனோமின் அறுவடைக்கு ஏரிகளுக்குச் சென்றனர்.

அந்த அறுவடையின் முறையைச் சற்றுக் கவனித்தல் வேண்டும். ஓடத்தில் இருவர் செல்வர். ஒருவர் நீண்ட கழியால் ஓடத்தை உந்துவார். மற்றவர் இரு சிறு தடிகளைக் கையிலேந்தி, ஒன்றால் கதிர்களை ஓடத்தினுள் வளைத்து, மற்றதால் மெல்லத் தட்டுவார். முற்றிய மணிகள் ஓடத்தில் விழும். சில நீரில் விழும். நீரில் விழுந்தவை அடுத்த ஆண்டுக்கான விதை. கரையில் அதனை வறுத்து, குழியிலிட்டுக் காலால் மிதித்து உமி நீக்கி, மரப்பட்டைத் தட்டில் புடைப்பர். எந்த ஏரியில் எப்போது இறங்கலாம் என்பதை அனுபவமுள்ள முதியோர் தீர்மானிப்பர். ஏரிக்கு உறுதி எழுதியவர் எவருமில்லை. ஏரியை ஈடு வைத்தவரும் எவருமில்லை. உழைப்பவர் உண்டனர், ஏரி எல்லோருக்கும் பொதுவாயிற்று.

இப்பொதுமையே ஆட்சியாளரின் கண்ணை உறுத்தியது. தனிச்சொத்தே நாகரிகத்தின் தொடக்கம் என்பது அக்கால அமெரிக்க சீர்திருத்தவாதிகளின் வேதம். 1887இல் டோஸ் சட்டமும், மினசோற்றாவுக்கெனத் தனியாக 1889இல் நெல்சன் சட்டமும் இயற்றப்பட்டன. ஒதுக்குநிலத்தின் வடகிழக்கிலே பைன் மரஞ் செறிந்த நான்கு பகுதிகள் வெட்டியெடுக்கப்பட்டு விற்பனைக்கு விடப்பட்டன. எஞ்சியது தலைக்கு இத்தனை ஏக்கர் என்று பங்கிடப்பட்டது. இத்தகைய திட்டங்களை எதிர்த்து எழுத அவ்வொதுக்குநிலத்திலேயே ஒரு பத்திரிகை பிறந்தது என்பது நம் வாசகர் அறிய வேண்டிய செய்தி. 'புரோகிரஸ்' என்னும் அவ்வாரப் பத்திரிகையின் முதலிதழ் 1886 மார்ச் மாதத்தில் வந்தது. உடனே அரசாங்க முகவர் அச்சகத்தை மூடினார். நடத்தியோரை ஒதுக்குநிலத்தை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டார். அவர்கள் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றனர். இரண்டாம் இதழ் வெளிவந்தபோது 1887 அக்டோபர் ஆகிவிட்டது. முதலிதழுக்கும் இரண்டாம் இதழுக்கும் இடையே ஒன்றரை ஆண்டு! எழுத்தைக் கண்டு அதிகாரம் எவ்வளவு அஞ்சியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பங்குக் காணிகளுக்கு ஒரு காப்பு இருந்தது. 25 ஆண்டுகளுக்கு அவற்றை விற்க முடியாது, அவற்றின்மீது வரி விதிக்கவும் முடியாது, அரசாங்கமே பொறுப்பாளர். மரக் கம்பெனிகளுக்கும் காணி வியாபாரிகளுக்கும் வங்கிகளுக்கும் இந்தக் காப்பே தடையாக நின்றது. தடையை நீக்க மக்கள் சபையிலும் செனற்றிலும் ஆட்கள் இருந்தனர். 1904இல் ஸ்ரீனர்சன் சட்டம் ஒவ்வொருவருக்கும் மேலும் 80 ஏக்கர் வரை வழங்கிற்று. கேட்பவர் இதைக் கொடையென்றே எண்ணுவர். ஆனால் பங்கிடப்பட்ட மரங்களை விற்க அதே ஆண்டில் இன்னொரு சட்டத்தால் வழி திறக்கப்பட்டது. 1906 ஜூன் 21இல் செனற்றர் கிளாப்பின் பெயரால் வழங்கும் ஏற்பாடு வந்தது. அது தனிச் சட்டமாகவும் வரவில்லை. அரசாங்கச் செலவினச் சட்டத்தின் வாலிலே கட்டிவிடப்பட்டது. வைற் ஏர்த்தில் வயதுவந்த 'கலப்பிரத்தத்தார்' வைத்திருக்கும் காணிகளின் மீதுள்ள விற்பனைத் தடை, ஈட்டுத் தடை, வரி விலக்கு ஆகிய எல்லாம் நீங்கின என்பதே அதன் சாரம்.

இங்கே ஒரு திகதியை நினைவில் நிறுத்தவேண்டும். அவ்வேற்பாடு நிறைவேறிய அதே 1906ஆம் ஆண்டின் டிசம்பர் 27இல் மானோமென் மாவட்டம் பிறந்தது. புகையிரதப் பாதை அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே வந்திருந்தது. அதையொட்டி நகரமும் முளைத்திருந்தது. காணி விற்கத்தக்கதாகவும் வரி விதிக்கத்தக்கதாகவும் ஆகி ஆறு மாதங்களில், விற்பனையைப் பதியவும் வரியை வசூலிக்கவும் ஒரு கச்சேரி எழுந்துவிட்டது. இதனைத் தற்செயல் என்று கொள்வார் கொள்ளட்டும். உடைமை மாறும்போது அதைக் காக்கும் நிர்வாகமும் உடன் பிறக்கிறது என்பதையே வரலாற்று மாணவன் இதிற் காண்பான்.

இனி அந்த 'விற்பனை' எவ்வாறு நடந்ததென்று பார்ப்போம். சட்டம் நடைமுறைக்கு வந்ததுமே வியாபாரிகளும் வங்கியாட்களும் சூழ்ந்தனர். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் ஆங்கிலப் பத்திரங்களில் பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. ஈடு என்று நம்பி அடையாளம் வைத்தவர், பின்னர் அது அறுதி விற்பனை என்று அறிந்தார். மதுவும், மிகை விலையிட்ட பொருள்களும் காணியின் விலையிற் கழிக்கப்பட்டன. 1909இல் வாரன் மூர்ஹெட் என்னும் ஆய்வாளர் அரசின் சார்பில் அங்கு சென்று வாக்குமூலங்களைத் திரட்டினார். காணியிழந்தோரின் குடிசைகளிற் காசநோயும் கண்ணோயும் பரவியிருந்ததை அவர் பதிவு செய்தார். 1911-12இல் மக்கள் சபையின் விசாரணைக் குழுவொன்றும் இம்மோசடிகளை ஆராய்ந்தது. வாங்கியவர்கள் சொல்லும் 'உறுதி'யின் யோக்கியதையை அமெரிக்க அரசின் ஏடுகளே எடுத்துரைக்கின்றன.

உண்மையை மறைத்தல் முற்போக்காளர்க்கு அழகன்று. ஆகவே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பழங்குடியினரிடையே வணிகம் செய்து செல்வம் சேர்த்த சிலர் இக்கைமாற்றத்திற் பங்காளிகளாயினர். நல்ல மரக்காடுகளைத் தமக்கெனப் பெறுவதிலும் அவர்களே முந்தினர். ஒரே பெயர், ஒரே குலம் என்பதனால் நலன்களும் ஒன்றாகிவிடா. உடைமை வர்க்கம் எங்குளதோ அங்கெல்லாம் தரகனும் உளன். ஆயினும் தரகன் இருந்தான் என்பது கொள்ளைக்கு நியாயமாகுமா?

அரசாங்கமே பின்னர் மோசடி வழக்குகளைத் தொடுத்தது. வழக்கு ஒரே கேள்வியிற் போய் நின்றது: காணியை விற்றவர் 'முழு இரத்தத்தாரா', 'கலப்பிரத்தத்தாரா'? கலப்பென்றால் விற்பனை செல்லும், முழுமையென்றால் செல்லாது. நேர்மையாக வாங்கினார்களா என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. விற்றவரின் பாட்டன் யார் என்பதே வழக்காயிற்று.

1914இல் ஐக்கிய அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெள்ளை இரத்தம் எவ்வளவு சிறிதாயினும், அது கலந்தவர் கலப்பிரத்தத்தாரே என்றது தீர்ப்பு. அவ்வழக்கில் எதிர்த்தரப்பில் நின்றது ஒரு வங்கி. இனி யார் உடலில் அச்சிறுதுளி உண்டென்று காட்டினாற் போதும்; காணி போனது போனதே. துளியைத் தேட விஞ்ஞானம் வரவழைக்கப்பட்டது. சிமித்சோனியன் நிறுவனத்தின் அலேஸ் ஹர்ட்லிச்காவும், மினசோற்றாப் பல்கலைக்கழகத்தின் அல்பேட் ஜெங்சும் வந்தனர். மயிரை ஆராய்ந்தனர், மார்பிலே நகத்தாற் கீறித் தோல் எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்தனர். ஒரு கிழவரின் மார்புத்தோல் சிவந்தால் அவருடைய 80 ஏக்கர் மரக் கம்பெனிக்கு! பல்கலைக்கழகம் மூலதனத்துக்கு ஊழியம் செய்யும்போது எத்தகைய கேலிக்கூத்தை விஞ்ஞானம் என்று அழைக்கிறது என்பதற்கு இதனினும் வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மரக் கம்பெனிகளின் சார்பில் வாதாடிய சட்டத்தரணி ரான்சம் பவல் என்பவர். ஒவ்வொருவருடைய இரத்த அளவையும் குறிக்கும் அதிகாரபூர்வமான பட்டியலைத் தயாரிக்க இருவர் கொண்ட ஆணைக்குழு நியமிக்கப்பட்டபோது, அவ்விருவருள் ஒருவர் அதே பவல். வேலியைப் பயிர் மேயவிட்டது போதாதென்று, எவ்வளவு மேய்ந்தது என்று கணக்கெழுதும் பணியையும் வேலியிடமே ஒப்படைத்தார்கள். 1920இல் முடிந்த அப்பட்டியலில், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட காணியுடையோரில் முழு இரத்தத்தார் எனக் கண்டவர் சில நூற்றுவரே. அவர்களிலும் பலர் அப்போது உயிரோடில்லை.

விசாரணைகளிலே முதியோர் கூறிய விடைகள் இங்கே நினைக்கத்தக்கவை. இன்னாருக்கு வெள்ளை இரத்தம் உண்டா, அவர் நிறம் கறுப்பா வெளுப்பா என்று வினவியபோது, தாங்கள் அதைக் கவனித்ததில்லை என்று பலர் விடையிறுத்தனர். ஒருவன் எவ்வாறு வாழ்ந்தான், எவரோடு உறவு கொண்டாடினான், எந்த வழியைப் பின்பற்றினான் என்பவையே அவர்களுக்குத் தெரிந்த அளவுகோல்கள். அறிவிலிகள் என்று எண்ணப்பட்ட அம்முதியோர், மார்பைக் கீறிய பேராசிரியரைவிட மானிடவியல் அறிந்திருந்தனர்.

இப்போது இக்கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். காணி பறிக்கும் காலத்தில், ஒரு துளி வெள்ளை இரத்தம் இருந்தாலும் நீ பழங்குடியாளுக்குரிய காப்பை இழந்தாய் என்றார்கள். காணி போனபின், உரிமைகளைக் கணக்கிடும் காலம் வந்தது. தம் பிள்ளைகள் யாவரும் தம்மவரே, வம்சாவளி போதும் என்று ஓஜிப்வேயரின் கூட்டமைப்பான மினசோற்றாச் சிப்பேவா அமைப்பு 1940களிற் கூறியபோது மத்திய அரசு அதனை ஏற்கவில்லை. அந்நெருக்குதலின் பின், 1961இல், காற்பங்கு இரத்தமாவது இருந்தால்தான் உறுப்பினர் என்னும் விதி வந்தது. அன்று ஒரு துளியால் வெளியே தள்ளினார்கள். இன்று ஒரு துளி குறைந்தால் வெளியே தள்ளுகிறார்கள். கணக்கு மாறினாலும் விடை மாறவில்லை. தாத்தா பழங்குடியாளர், பேத்தி அல்லள் என்று எழுதும் இவ்விதி சில தலைமுறைகளுக்கு நீடித்தால், உடன்படிக்கைக்கு உரியவர் எவருமே எஞ்சார். கடன்பட்டவனுக்குக் கடன்கொடுத்தவன் வமிசமற்றுப் போவதைவிட வேறென்ன வேண்டும்? 2022இல் அவ்வமைப்பு நடத்திய கருத்தறி வாக்கெடுப்பில் பெரும்பான்மையோர் இவ்விதியை நீக்கவேண்டும் என்றே வாக்களித்தனர். மக்கள் விழித்துக்கொண்டனர் என்பதற்கு இது சான்று.

இரத்தப் பட்டியல் ஒரு கருவியென்றால், வரிச்சிட்டை மற்றொன்று. பணப்புழக்கமற்ற குடும்பத்தின் காணிக்கு வரி விதித்தால், சில ஆண்டுகளில் அது தானாகவே கச்சேரிக்கு வந்து சேரும். இதற்கு எதிரான போராட்டம் இரு வழக்குகளில் வெற்றி கண்டது. 1976இல், லீச் லேக் என்னும் இன்னொரு ஒதுக்குநிலத்திலிருந்து வந்த பிரையன் வழக்கில், 147 டொலர் 95 சதம் கேட்ட வரிச்சிட்டை உயர் நீதிமன்றம் வரை சென்றது. ஒதுக்குநிலத்துப் பழங்குடியினர் மீது இவ்வாறு வரி விதிக்க மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று நீதியரசர் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மறு ஆண்டு, வைற் ஏர்த்திலேயே வரி நிலுவைக்காகப் பறிக்கப்பட்ட ஒரு பங்குக் காணி பற்றிய சே சா வழக்கில், உரியவரின் சம்மதமின்றி வரிவிலக்கை நீக்கியது செல்லாது என்றது மினசோற்றா நீதிமன்றம். எழுபது ஆண்டுக் காணி உறுதிகள் ஒரே நாளில் ஆட்டங்கண்டன.

ஆட்டங்கண்ட உறுதிகளைக் காப்பாற்றக் கொங்கிரஸ் விரைந்தது. 1986இல் வைற் ஏர்த் காணித் தீர்வுச் சட்டம் நிறைவேறியது. இருப்பவர் கையிலேயே காணி உறுதியாயிற்று. பழங்குடிக்கு 10,000 ஏக்கர் திருப்பித் தரப்பட்டது. வாரிசுகளுக்குப் பறிக்கப்பட்ட காலத்து விலையும் வட்டியும் இழப்பீடு. திருடிய பசுவை எண்பது ஆண்டு கறந்து, அதன் கன்றுகளையும் வைத்துக்கொண்டு, திருடிய அன்றைய விலையைக் கொடுத்து இரசீது கேட்பதற்கு இது ஒப்பானதன்றோ?

இன்று வேறொரு முறைப்பாடு எழுகிறது. 1990களின் தொடக்கத்தில் மானோமென் நகரிற் பழங்குடியினர் 'சூற்றிங் ஸ்ரார்' என்னும் பெரிய சூதாட்டக் கூடத்தை நிறுவினர். சூதாட்டத்தை நாம் போற்றவில்லை. வறியவனின் கையிலுள்ள காசை ஆசை காட்டிப் பறிப்பது எவர் செய்தாலும் அது பறிப்பே. ஆனால் காடும் வயலும் பறிக்கப்பட்ட ஊரில் நூற்றுக்கணக்கானோருக்கு வேலை தர எஞ்சியது சூதாட்ட மேசை ஒன்றே என்றால், அந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் யார்? அக்கூடம் நிற்கும் நிலத்துக்கு வரி கிடைக்கவில்லை என்று மாவட்ட நிர்வாகம் நெடுநாள் முறையிட்டது. விவகாரம் நீதிமன்றப் படியும் ஏறியது. வரியில்லையேல் பாடசாலைக்கும் வீதிக்கும் பணம் எங்கே என்கின்றனர். கேள்வி நியாயமானதே, விடை தேடும் திசைதான் தவறு. இம்மாவட்டத்தின் பைன் மரங்கள் வெட்டப்பட்டபோது அந்த இலாபம் எந்தப் பாடசாலைக்கு வந்தது? மரக் கம்பெனிகள் மரம் முடிந்ததும் போய்விட்டன. அவை விட்டுச்சென்ற மண்ணில், வறிய வெள்ளை உழவனும் வறிய ஓஜிப்வே தொழிலாளியும் ஒரு வரிச்சிட்டையின் இரு முனைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றனர்.

அவ்வுழவர் நம் பகைவரல்லர். அவருடைய பாட்டனார் வங்கி விற்ற காணியை வியர்வை சிந்திய பணத்தால் வாங்கியிருக்கலாம். அவரை வெளியேற்றாமலேயே நீதி செய்ய வழியுண்டு. ஒதுக்குநிலத்தின் எல்லைக்குள் மாநிலமும் மாவட்டங்களும் பெரும் பரப்பைத் தம் கையில் வைத்துள்ளன. வரி நிலுவையென்று பறிமுதலானவை அவற்றுட் பல. ஒதுக்குநிலத்துள் அமைந்த வைற் ஏர்த் மாநில வனத்தைத் திருப்பியளிக்க வேண்டுமென்று 2024இல் மாநிலச் சட்டசபை முன் வந்த மசோதா அவ்வாண்டு நிறைவேறவில்லை. ஓர் உழவனின் வேலியைக்கூட நகர்த்தாது செய்யக்கூடிய நீதியே செய்யப்படாதபோது, உழவர் நலனைக் காட்டி மறுப்பது பொய்ச்சாட்டு.

மக்கள் இவ்வளவிலும் சோர்ந்துவிடவில்லை. காணிகளை விலைகொடுத்தேனும் மீட்க, வினோனா லடியூக் 1989இல் ஓர் அமைப்பை நிறுவினார். 2018 டிசம்பரில் வைற் ஏர்த் பழங்குடி அரசு ஒரு சட்டம் இயற்றியது: மனோமினுக்கே உரிமையுண்டு, தழைக்கவும், மாசற்ற நீரில் வளரவும் அதற்கு உரிமையுண்டு என்றது அச்சட்டம். எண்ணெய்க் குழாய் வேலைக்காக நிலத்தடி நீரை இறைக்க மாநிலம் அனுமதி வழங்கியபோது, 2021இல் மனோமினின் பெயராலேயே வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு பழங்குடி மேன்முறையீட்டு மன்றமே, ஒதுக்குநிலத்துக்கு வெளியே நிகழ்வதை விசாரிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று வழக்கைத் தள்ளியது. குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு தானியத்துக்கு உரிமையா என்று நகைப்போருக்கு ஒன்று கூறலாம்: மரக் கம்பெனியையும் வங்கியையும் உரிமையுள்ள ஆளாக ஏற்று, நூறாண்டுக்கு முன்னரே தீர்ப்பு வழங்கிய நாடு அது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இரக்கமன்று. 'விற்றார்கள், வாங்கினோம்' என்ற சொல் எங்கே கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். விற்கலாம் என்று சட்டம் செய்தவர் யார்? விற்பவர் யாரென்று பட்டியல் எழுதியவர் யார்? விற்பனையைப் பதியக் கச்சேரி கட்டியவர் யார்? மானோமென் நகரில் இம்மூன்றுக்கும் விடை 1906ஆம் ஆண்டைச் சுற்றியே கிடக்கிறது. ஆண்டுதோறும் கோடையிறுதியில் வைற் ஏர்த்தின் ஏரிகளில் ஓடங்கள் இன்றும் இறங்குகின்றன. தடிகள் கதிரைத் தட்டுகின்றன. சில மணிகள் நீரில் விழுகின்றன. தம் தானியத்தின் பெயரை ஊருக்குத் தந்த அம்மக்கள் கேட்பது பெயர்ப்பலகையை அன்று. அதன் கீழே கிடக்கும் மண்ணையும், அதன் அருகே ஓடும் நீரையுமே அவர்கள் கேட்கின்றனர். அக்கோரிக்கை நியாயமானது, அதனை நியாயமென்று சொல்ல நாம் எவருடைய இரத்தத்தையும் அளக்க வேண்டியதில்லை.